புதுவீட்டுச் செலவு: முதலில் சுவருக்குள், பிறகு சுவருக்கு வெளியே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் புதுவீடுகளின் உள் அலங்காரம் குறித்து வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். படங்கள் அழகாக இருக்கின்றன. வண்ணத் தேர்வு பற்றிய யோசனைகளும் பயனுள்ளவையே. ஆனால், படத்தில் உள்ள சோபாவின் நீளம் என்ன, அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது, அதன் பின்னால் மறைந்துபோன பிளக் பாயின்ட்டை இனி யார் எப்படி எட்டுவார்கள் என்ற கேள்விகளுக்கு அவற்றில் இடம் கிடைப்பதில்லை. குடியிருப்புகளில் ஒயரிங் செய்வது, கருவிகளைப் பொருத்துவது ஆகிய பணிகளை மேற்பார்வையிடும் தொழிலில் இருக்கிறேன். புதிதாகக் குடியேறும் குடும்பங்களின் பணம் எங்கே கரைகிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தரமற்ற பொருளால் ஏற்படும் நஷ்டத்தைவிட, வாங்கும் வரிசை தலைகீழாகிப்போவதால் ஏற்படும் நஷ்டமே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. சுவருக்குள் மறைந்துவிடும் ஒயர், குழாய், எர்த் இணைப்பு ஆகியவற்றை ஒருமுறை பூசி மூடிவிட்டால், மாற்றுவதற்குச் சுவரையே உடைக்க வேண்டும். அவற்றைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. கையிருப்பு குறையும்போது முதலில் வெட்டுவதும் அங்கேதான். சோபா, ஷோகேஸ், சாப்பாட்டு மேசை போன்றவற்றையோ எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அவற்றைத்தான் சாவி கைக்கு வருமுன்பே முன்பணம் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள்.

மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன். 230 வோல்ட் மின்சாரம் வரும் வீட்டில், 2,000 வாட் வெந்நீர்க் கருவி ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் கருவி 13 ஆம்பியர் இழுக்கும். ஏசி, மைக்ரோவேவ், இன்டக்‌ஷன் அடுப்பு, சலவை இயந்திரம் எல்லாம் எந்தெந்தச் சுவரில் வரப்போகின்றன என்பதைப் பூச்சுவேலைக்கு முன்பே தாளில் குறித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் உரிய தடிமனில் தனி ஒயரும், மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்சிபி தனியாக ஒன்றும் போட்டுவிடலாம். அப்படிக் குறிக்காத வீட்டில் நடப்பது என்ன? விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட 6 ஆம்பியர் பாயின்ட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் செருகி, அதில் இரண்டு பெரிய கருவிகளை மாட்டுகிறார்கள். எஞ்சிய ஒயர் காலில் தடுக்காமல் இருக்க, அதைச் சுருட்டி கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறார்கள். சுருட்டி வைத்த ஒயரில் உண்டாகும் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும், காப்புறை இளகும், தீ பிடிக்கவும் கூடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் சற்றே உருகியிருக்கும். இந்தப் பழுப்பைப் பார்த்த பிறகும் அந்தப் பிளக்கைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது.

இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டியது, 30 மில்லியாம்பியர் அளவுள்ள மின்கசிவுத் துண்டிப்பான். எம்சிபி அதிக மின்னோட்டத்திலிருந்து ஒயரைக் காப்பாற்றும். மனிதரைக் காப்பாற்றுவது இந்தத் துண்டிப்பான்தான். குளியலறையிலும் சமையலறையிலும் ஈரக்கையோடு கருவிகளைத் தொடுவது தவிர்க்க முடியாதது. வரவேற்பறையின் அலங்கார விளக்குக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்காகும் தொகை சிறியது. எனவே, மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வாசகர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரும் இதே வகைதான். கடையில் சுவர் நிறையத் தொங்கும் அகலமான ஷவர்களைப் பார்த்து மயங்குவது இயல்பு. ஆனால் தண்ணீரின் அழுத்தம், தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்தளக் குளியலறையில் அந்த வேறுபாடு 2 அல்லது 3 மீட்டர்தான் என்றால், அழுத்தமும் 0.2 அல்லது 0.3 பார்தான். பெரிய ஷவர் அங்கே சொட்டுமே தவிரப் பொழியாது. சலவை இயந்திரம், தொட்டியில்லாத வெந்நீர்க் கருவி ஆகியவற்றின் கையேடுகளில் குறைந்தபட்ச நீரழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அதை வாங்குமுன் படிப்பவர்கள் குறைவு. பொருத்த வந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு அழுத்தம் கூட்டும் பம்புக்குத் தனிச் செலவு, அதற்கு மின்னிணைப்பு, அதன் இரைச்சல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உப்பு அதிகமுள்ள கடினநீர் வரும் வீடாக இருந்தால், வெந்நீர்க் கருவியின் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்புப் படலம் ஏறி, மின்செலவு கூடும், ஆயுளும் குறையும். எனவே வாங்குமுன் தண்ணீரைச் சோதித்துவிடுவது நல்லது.

இனி அளவுகள். பொருளை அறையின் அளவோடு ஒப்பிடுபவர்கள்கூட, அது அறைக்குள் வந்து சேரும் வழியை அளப்பதில்லை. கதவின் நிலை 90 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும், திறந்த கதவின் தடிமனும் கைப்பிடியும் போக உள்ளே நுழையக் கிடைக்கும் இடம் 80 சென்டிமீட்டர் அளவே இருக்கலாம். படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட்டின் உட்புற ஆழம், கூடத்திலிருந்து படுக்கையறைக்குத் திரும்பும் மூலை ஆகிய மூன்றும் கதவைவிடக் கடுமையான தடைகள். கால்களைக் கழற்ற முடியாத, பிரிக்க முடியாத சோபா ஒன்று இவற்றில் ஏதாவது ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால், திருப்பி அனுப்பும் கூலி, மறுபடி அடுக்கிவைக்கும் கட்டணம் எல்லாம் வாங்கியவர் தலையில்தான் விழும்.

அலமாரி விஷயத்தில் ஒரு கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. 240 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள அலமாரியின் பாகங்களைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்தி, பிறகு நிமிர்த்துவார்கள். நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 247 சென்டிமீட்டர். கூரையின் உயரம் 244 சென்டிமீட்டராக இருந்தால், நின்ற நிலையில் அந்த அலமாரி கச்சிதமாக அடங்கும். ஆனால் அதை நிமிர்த்தவே முடியாது. நான்கு பேர் பிடித்துப் பாதி தூக்கிய நிலையில் மேல்மூலை கூரையில் கீறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, உடைமையாளரின் முகத்தைப் பார்க்க மனம் வராது. அலமாரியின் ஆழத்தையும் குறைக்கப் பார்க்கக் கூடாது. சட்டை மாட்டும் ஹேங்கர் 45 சென்டிமீட்டர் வரை அகலம் இருப்பதால்தான் 60 சென்டிமீட்டர் ஆழம் வழக்கத்துக்கு வந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க 45 ஆகக் குறைத்துவிட்டு, பிறகு துணிகளைச் சாய்த்து மாட்டிக் கதவை மூட முடியாமல் திணறுகிறார்கள். தள்ளுகதவு வைத்தால் அதன் தண்டவாளமே 8 முதல் 10 சென்டிமீட்டரை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அளவை மனக்கண்ணில் பார்த்து முடிவு செய்ய எல்லாராலும் முடியாது. அதற்கு எளிய வழி, வாங்க நினைக்கும் பொருளின் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டிச் சேர்த்து, வைக்க நினைக்கும் இடத்தில் தரையில் விரித்துவிடுவதுதான். பிறகு அறைக் கதவையும் பால்கனிக் கதவையும் முழுவதும் திறந்து பாருங்கள். ஒரு நாற்காலியை எடுத்து வந்து, மேசையாக விரித்த தாளின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்து, எழுந்திருங்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் அகலமும், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழ மேசைக்கும் சுவருக்கும் இடையே 75 முதல் 90 சென்டிமீட்டரும் தேவை. ஆறு பேருக்கான மேசை வேண்டும் என்று நினைத்தவர், தாளை விரித்துப் பார்த்ததும் நான்கு பேருக்கானதே போதும் என்று தாமாகவே முடிவுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தாளை இரண்டு நாள் அப்படியே கிடக்கவிட்டு, வீட்டார் அனைவரும் அதை மிதிக்காமல் நடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

குளிர்சாதனப் பெட்டி வாங்குவோர் லிட்டர் கணக்கைக் கேட்பார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்பதில்லை. கீல் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி நின்றால், கதவு 90 பாகைக்கு மேல் திறக்காது. பல மாடல்களில் அந்த அளவுக்கு மட்டும் திறந்தால் கீழேயுள்ள காய்கறித் தட்டை முழுவதும் வெளியே இழுக்க வராது. வெப்பம் வெளியேறப் பின்புறமும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். மரவேலை செய்பவர் பெட்டியின் அளவுக்கு அச்சாக ஒரு கூடு செய்துவிட்டால், கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். சலவை இயந்திரத்துக்கும் பின்னால் குழாய்கள் வளைய 10 சென்டிமீட்டராவது வேண்டும். முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரம் புதிதாக வரும்போது, பயணத்தில் டிரம் ஆடாமல் இருக்கப் பின்புறம் நீண்ட போல்ட்டுகள் முடுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் அதிர்ந்து இடம்பெயரும், உள்பாகங்களும் கெடும். பொருத்துபவர் வரும்வரை பொறுக்காமல் தாமே ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் இந்த ஒரு கருவியில் வேண்டாம். கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தினால், வீடு மாறும்போது மீண்டும் தேவைப்படும்.

ஏசி வாங்குவதில், பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன். சிறிய அறையில் தேவைக்கு மிஞ்சிய திறனுள்ள ஏசியை மாட்டினால், காற்றின் ஈரப்பதம் குறைவதற்கு முன்பே வெப்பநிலை இறங்கி, கம்ப்ரசர் நின்றுவிடும். அறை சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. அறையின் பரப்பளவு மட்டுமன்றி, மேலே வெயில் நேரடியாக விழும் கூரையா, மாலை வெயில் அடிக்கும் ஜன்னல் உண்டா, எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையெல்லாம் சொல்லிக் கணக்கிடச் செய்ய வேண்டும்.

மின்கருவிகளின் விலையை மட்டும் ஒப்பிடுவதும் பாதிக் கணக்கே. குளிர்சாதனப் பெட்டி நாள் முழுவதும் ஓடும் கருவி. இரண்டு மாடல்களுக்கு இடையே ஆண்டுக்கு 100 யூனிட் வித்தியாசம் என்றால், பத்து ஆண்டுகளில் அது 1,000 யூனிட். ஆற்றல் முத்திரையில் உள்ள நட்சத்திரங்களையோ எழுத்துகளையோ மட்டும் பார்க்காமல், ஆண்டு மின்நுகர்வு எத்தனை யூனிட் என்ற எண்ணைப் பார்த்து ஒப்பிட வேண்டும். எதிர்மாறாக, எப்போதாவது மட்டும் பயன்படுத்தும் கருவிக்கு மின்சிக்கனத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

மரச்சாமான்களின் உட்பொருள் என்ன என்பதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வெளியே ஒரே மாதிரி மின்னும் லேமினேட்டுக்கு அடியில் பிளைவுட் இருக்கலாம், மர இழைகளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை இருக்கலாம், மரத்தூள் பலகையும் இருக்கலாம். சாதாரண மரத்தூள் பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. திருகாணியை ஒருமுறை கழற்றி அதே துளையில் மீண்டும் முடுக்கினால் பிடிப்பும் குறையும். எனவே வீடு மாறும் வாய்ப்புள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வரும் அலமாரிக்கு எந்தப் பலகை போடப்போகிறார்களோ, அதில் ஒரு சிறு வெட்டுத் துண்டை வாங்கி ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தாலே போதும். காலையில் அதன் ஓரம் தடித்து, அடுக்குகள் பிரிந்து, விரலால் கிள்ளினால் மாவாக உதிர்ந்தால், அந்தப் பலகை அந்த இடத்துக்கு உதவாது.

உடல்நலமும் இதில் இருக்கிறது. இத்தகைய பலகைகளை ஒட்டும் பசைகள் பலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வெளியேறுகிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் முதல் வகுப்பில் சேர்த்தது. உலக சுகாதார அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டுக்குள் உள்ள காற்றில் 30 நிமிடச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. பீதியடையச் சொல்லவில்லை, பலகை எந்த உமிழ்வுத் தரத்தைச் சேர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள், வெட்டிய ஓரங்கள் அனைத்தையும் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள், குடியேறும் முன் அலமாரிக் கதவுகளையும் ஜன்னல்களையும் பல நாள்கள் திறந்துவையுங்கள் என்றுதான் சொல்கிறேன். குழந்தைகள் படுக்கும் அறைக்கு இது இன்னும் முக்கியம். அதே அறையில், உயரமான அலமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு இணைத்துத் திருகாணியிட்டு விடுங்கள். இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறும் குழந்தையின் எடையே பெட்டியை முன்னால் சாய்க்கப் போதுமானது.

கட்டிலைத் தனியாகவும் மெத்தையைத் தனியாகவும் முடிவு செய்வது இன்னொரு தவறு. ஆசாரியிடம் விருப்பமான அளவில் கட்டில் செய்த பிறகு, அந்த அளவில் மெத்தை கிடைக்காமல், மெத்தையையும் சொல்லிச் செய்து, அதன்பின் விரிப்புகளையும் ஆயுள் முழுக்கத் தைத்து வாங்க வேண்டிவரும். பொதுவில் கிடைக்கும் மெத்தை அளவை முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்குக் கட்டிலைச் செய்யச் சொல்லலாம். ஃபோமின் அடர்த்தியைக் கேட்டறிவதும், கடையில் பத்து நிமிடமாவது வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுத்துப் பார்ப்பதும் அவசியம்.

நிறங்களைப் பற்றித் தங்கள் இணைப்பு நிறையவே எழுதுகிறது என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கடையின் 6,500 கெல்வின் வெண்ணொளியில் சாம்பல் நிறமாகத் தெரிந்த துணி, வீட்டின் 2,700 கெல்வின் மஞ்சள் ஒளியில் பழுப்பாகத் தெரியும். துணி, டைல்ஸ், பெயின்ட் எதுவானாலும் மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பகலிலும் இரவிலும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பணம் செலுத்தும் முறையிலும் விழிப்புத் தேவை. வட்டியில்லாத் தவணை என்ற அறிவிப்பைப் பார்த்து ஒரே நாளில் நான்கைந்து பொருள்களை எடுத்துவிடுகிறார்கள். செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முழுத்தொகையும் ஒரே தடவையில் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி எவ்வளவு என்ற இரண்டையும் கூட்டினால் உண்மையான வட்டி வெளிப்படும். வாரண்டி அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பத்து ஆண்டு பெரும்பாலும் கம்ப்ரசர் அல்லது மோட்டாருக்கு மட்டுமே. முழுக் கருவிக்கும் எத்தனை ஆண்டு, பழுதுபார்க்க வருபவரின் கூலி யார் பொறுப்பு என்பன சிறிய எழுத்தில் இருக்கும். பொருள் வந்து இறங்கியதும், கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து, நசுங்கலோ கீறலோ இருந்தால் ரசீதில் எழுதிய பின்னரே கையொப்பமிட வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, சில வாரங்கள் பொறுத்திருப்பதைப் பரிந்துரைக்கிறேன். குடியேறும் நாளில் தேவையானவை படுக்கை, விளக்கு, திரைச்சீலை, அடுப்பு, தண்ணீர், துணிகளை வைக்க ஓரிடம் ஆகியவை மட்டுமே. மாலை வெயில் எந்த ஜன்னல் வழியாகத் தொலைக்காட்சித் திரையில் விழுகிறது, பிள்ளைகள் எந்த மூலையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், வெளியிலிருந்து வருபவர் பையை எங்கே இறக்கிவைக்கிறார் என்பதெல்லாம் அந்த வீட்டில் வாழத் தொடங்கிய பிறகே தெரியும். விருந்தினர் வரும்போது கூடம் வெறுமையாக இருக்கிறதே என்ற கூச்சத்தில்தான் பலர் அகலக்கால் வைக்கிறார்கள். வெறுமையாக இருக்கும் கூடத்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனி இணைப்பில் ஓர் அறையின் படத்தை வெளியிடும்போது, அதன் கீழே ஒரு சிறு பெட்டியில் அறையின் நீள அகலம், பொருள்களின் அளவு, வாசலின் அகலம், கருவிகளின் வாட் கணக்கு, பிளக் பாயின்ட்டுகள் இருக்கும் இடம், பலகையின் வகை ஆகியவற்றையும் அச்சிட வேண்டும். கட்டுரை எழுதுவோர் இத்தகவல்களை உரியவர்களிடம் கேட்டுப் பெறுவது கடினமல்ல. பூச்சுவேலை இன்னும் முடியாத நிலையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்காக, மின் பாயின்ட்டுகளையும் குழாய்களையும் எப்படிக் குறித்துக் கொடுப்பது என்பதை விளக்கும் மாதிரி வரைபடம் ஒன்றைத் தனியாக ஒரு வாரம் வெளியிட்டால், அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் நேரே கொண்டுபோய்க் காட்ட அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
மின்பணி மேற்பார்வையாளர்